முகமூடி வேண்டாம், உடுப்புப் போதும்: மட்டக்களப்பில் பவர் இல்லாத சூப்பர்ஹீரோ படம் எடுக்க ஒரு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றில், இரவு ஒன்பது மணிக்கு, கறுப்பு முகமூடி போட்ட ஒருவனை ஒழுங்கைக்குள் ஓடவிட்டோம். எங்கள் முதல் குறும்படம் அது. ஓடியவன் என் மச்சான். பகலில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறவன் இரவில் மாட்டுத் திருடர்களைப் பிடிக்கிறான் என்பது கதை.

முதல் டேக் சரியாக வந்தது. இரண்டாவது டேக்கில் ஒரு வீட்டு நாய் குரைத்தது. அப்புறம் ஊர் நாய் எல்லாம் குரைத்தது. அப்புறம் ஒரு கிழவி கத்தினார். ஐந்து நிமிடத்தில் பொல்லும் டோர்ச்சுமாக இருபது பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள். மச்சான் முகமூடியைக் கழற்றி, நாங்கள் எடுத்ததைப் போனில் போட்டுக் காட்டி, ஒரு வீட்டில் தேத்தண்ணி தரும் அளவுக்கு நிலைமை தணிய ஒரு மணி நேரம் போனது. கடைசியில் பொல்லோடு நின்ற ஒரு பெரியவர் கேட்டார்:

“ஹீரோ எண்டு சொல்றீங்க. ஹீரோ எண்டா மூஞ்சிய ஏன் மனே மறைக்கிறான்?”

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அந்தப் படத்தைக் கைவிட்டோம். இரண்டாவது படத்தை அந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்கினோம். அதை எடுத்தபோது கற்றதையும் விட்ட பிழைகளையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒரு போன், நாலைந்து நண்பர்கள், ஒன்றரை மாதச் சனி ஞாயிறுகள் இருந்தால் பதினைந்து நிமிடப் படம் ஒன்றை நீங்களும் முடிக்கலாம்.

முதலில் படம் பாருங்கள், ஆனால் களவெடுக்கிற கண்ணோடு

பறக்காத, வலை வீசாத, இடி விழுந்து மாறாத ஹீரோக்களின் படங்கள் நிறைய உண்டு. எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2010இல் வந்த ‘கிக்-ஆஸ்’ படத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் நீர்மூழ்கும் ஆட்கள் போடும் பச்சை உடுப்பொன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிறான். முதல் சண்டையிலேயே கத்திக்குத்து, அதோடு கார் மோதி ஆஸ்பத்திரி. நான் அதில் எடுத்துக்கொண்டது இதைத்தான்: பவர் இல்லாதவன் முதல் தடவை தோற்கவே வேண்டும். தோற்காவிட்டால் அவனுக்குப் பவர் இருக்கிறது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்.

அதே 2010இல் ஜேம்ஸ் கன் எடுத்த ‘சூப்பர்’ படத்தின் நாயகன் ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையல்காரன். கையில் பைப் திருகும் பெரிய ஸ்பானர். படம் பார்க்க நிற்கும் வரிசையில் இடையில் புகுந்த ஒருவனின் மண்டையை அதால் உடைக்கிறான். சிரிப்பு வரும், வந்த கையோடு தொண்டையில் நின்றுவிடும். வரிசையில் புகுந்ததற்கு மண்டையை உடைப்பதா? குற்றம் சின்னது, தண்டனை பெரியது. உங்கள் ஹீரோ கையை ஓங்கும் ஒவ்வொரு இடத்திலும் இந்தக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு படமும் சின்னப் பிள்ளைகளோடு இருந்து பார்ப்பதற்கு இல்லை, இரத்தம் அதிகம்.

2009இல் வந்த ‘டிபெண்டர்’ எனக்கு மிகவும் பிடித்தது. அந்த ஆளின் ஆயுதங்கள் மாபிள் குண்டு, எலுமிச்சம் சாறு, போத்தலில் அடைத்த குளவி. நெஞ்சில் உள்ள எழுத்து ஒட்டும் டேப்பால் ஒட்டியது. செலவில்லாத படம் எடுக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் வேண்டாம்.

பக்கத்து நாட்டுப் படங்களில் 2018இல் வந்த ‘பவேஷ் ஜோஷி சூப்பர்ஹீரோ’வைப் பாருங்கள். மும்பையில் இரண்டு நண்பர்கள் தலையில் கடதாசிப் பையைக் கவிழ்த்துக்கொண்டு தொடங்குகிறார்கள், கதை தண்ணீர்த் திருட்டில் போய் நிற்கிறது. தண்ணீர்! உலகத்தை அழிக்கும் வில்லன் தேவையே இல்லை என்பதற்கு அது போதும். தமிழில் 2009இன் ‘கந்தசாமி’யில் முருகன் கோயில் மரத்தில் சனங்கள் மனு எழுதிக் கட்ட, விக்ரம் சேவல் வேடத்தில் வருகிறார். படம் போகப்போக வேறு எங்கோ போய்விடும். ஆனால் கோயில் மரம், மனு, முருகனின் கொடியில் உள்ள சேவல் என்று ஹீரோவின் வேடம் ஊரின் நம்பிக்கைக்குள் இருந்தே வந்தது எனக்குப் பெரிய திறப்பு. 2012இன் ‘முகமூடி’யில் ஜீவாவுக்கு இருப்பது குங்ஃபூ மட்டும். 2023இன் ‘மாவீரன்’ கொஞ்சம் வழக்குக்குரியது. நாயகனுக்கு வானத்தில் இருந்து குரல் கேட்கிறது, அது பவரா இல்லையா என்று நாங்கள் ஒரு இரவு முழுக்க அடிபட்டோம். எப்படியோ, பயந்தவன் பயந்தபடியே வீரனாவது எப்படி என்று பார்க்க அது நல்ல படம்.

பேட்மேனை விட்டுவிடுங்கள். 1939இல் பிறந்த அந்த மனிதனுக்கும் பவர் இல்லைதான். ஆனால் அவ்வளவு காசு இருப்பதே ஒரு பவர்.

கடைசியாக, படம் எடுக்கும் தைரியத்துக்காகப் பார்க்க வேண்டியது ‘சூப்பர்மென் ஒஃப் மாலேகாவ்’ என்ற ஆவணப்படம். 2008இல் ஃபைசா அகமட் கான் எடுத்தது. மாலேகாவ் மகாராஷ்டிராவில் உள்ள விசைத்தறி ஊர். அங்கே தறியில் வேலை செய்கிற மெலிந்த ஒருவருக்குச் சூப்பர்மேன் உடுப்புப் போட்டுப் படம் எடுக்கிறார்கள். சைக்கிள்தான் கமராவை நகர்த்தும் அவர்களின் ட்ரொலி. அதைப் பார்க்கும்போது எனக்கு நம் மருதமுனைதான் ஞாபகம் வந்தது. அங்கும் தறிச் சத்தம், அங்கும் கதை சொல்லும் காக்காமார், அதாவது முஸ்லிம் அண்ணன்மார். மாலேகாவ்காரர் எடுக்கலாம் என்றால் அம்பாறை மாவட்டக்காரர் ஏன் எடுக்க முடியாது?

முகமூடியை ஏன் கழற்ற வேண்டும்

இதை ஒரு படியாகவே வைக்கிறேன். இதில்தான் நாங்கள் விழுந்தோம்.

மேலே சொன்ன படங்களில் பாதிக்கு மேல் முகமூடியில்தான் ஓடுகின்றன. அமெரிக்காவில் முகமூடி என்றால் சாகசம். எங்கள் பக்கம் முகமூடிக்கு வேறு கணக்கு இருக்கிறது. யுத்த காலத்துச் சுற்றிவளைப்பில் படையினருக்கு ஆள் காட்ட முகத்தை மூடி உட்கார்ந்திருந்தவர் ‘தலையாட்டி’. அவர் தலையை ஆட்டினால் ஒரு வீட்டின் பிள்ளை போய்விடும். 2011 ஆகஸ்டில் உடம்பில் கிறீஸ் பூசிய ஆட்கள் இரவில் வந்து தாக்குகிறார்கள் என்ற பயத்தில், ‘கிறீஸ் பூதம்’, ‘மர்ம மனிதன்’ என்று கிழக்கு முழுக்கச் சனங்கள் இரவிரவாக விழித்துக் காவல் இருந்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்களுக்குப் பிறகு அவசரகாலச் சட்டத்தில் முகத்தை மூடுவதே தடைசெய்யப்பட்டது. அது எங்கள் முஸ்லிம் அக்காமார் மீது எப்படி விழுந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். இவ்வளவையும் கண்ட ஒரு கிழவி, இரவில் ஒழுங்கையில் முகமூடியைக் கண்டால் கைதட்டுவாரா?

சரி, முகமூடி இல்லையென்றால் ஹீரோவுக்கு எது மாற்றம் தரும்? பதில் எங்கள் ஊரிலேயே, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வீட்டு முகட்டு வளையில், பழைய சேலையில் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்து வகையான வடமோடிக் கூத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் வயலில் நிற்கிறவர், இரவில் கூத்தாடும் அரங்கான களரியில் அருச்சுனன். அவருக்கு ஒரு பவரும் கிடையாது. முகத்தில் அரிதாரம், தலையில் முடி என்கிற கிரீடம், இடுப்பில் விரிந்து நிற்கும் கரப்புடுப்பு, காலில் சதங்கை. முக்கியமான விஷயம், அவர் யார் என்பது களரியைச் சுற்றி இருக்கிற எல்லாருக்கும் தெரியும். “அந்தா நம்மட மாமா” என்று பிள்ளைகள் கத்தும். தெரிந்தும், களரிக்குள் நுழையும் வரவு ஆட்டம் தொடங்கினால் அவர் அருச்சுனன்தான். ரகசியமாக இருந்தால்தான் ஹீரோ என்பது அவர்கள் கதை. ஊருக்கே தெரிந்தவன் ஹீரோவாவது எங்கள் கதை. இதைப் பிடித்த பிறகு எங்கள் படத்தில் மீதி எல்லாம் தானாக வந்தது.

ஆளைத் தேடுதல்: என்ன தெரியும், எது வலிக்கும்

பவர் இல்லாத ஹீரோவுக்கு இரண்டு வேண்டும். அவர் தொழிலால் வந்த ஒரு கெட்டித்தனம், பொறுக்க முடியாத ஒரு விஷயம். உங்கள் ஊரில் ஒரு நடை போய்வந்தால் இப்படிப்பட்ட பத்துப் பேர் கிடைப்பார்கள். வெல்லாவெளிப் பக்கம் பரணில் இருந்து யானைக்குக் காவல் காக்கிறவருக்கு இருட்டில் கேட்கத் தெரியும். ஓட்டோக்காரருக்குக் குறுக்கு வழி தெரியும். தையல்காரிக்கு ஊரில் எல்லாருடைய அளவும் தெரியும்.

நாங்கள் எடுத்தது சைக்கிளில் மீன் விற்கும் ஒருவரை. பின் கரியரில் பெட்டி, ஹேண்டிலில் ஹோர்ன். காலை ஆறரைக்கு ஆற்று மீனோடு புறப்பட்டு ஒவ்வொரு படலையிலும் நிற்பார். எந்த வீட்டில் ஆம்பிளை வெளிநாட்டில், எந்த வீட்டில் இன்றைக்குக் கறிக்குக் காசில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். இதுதான் அவர் கெட்டித்தனம். இளமையில் கூத்தாடியவர், பத்து வருடமாகக் களரி ஏறவில்லை. அவருக்குப் பொறுக்காத விஷயம், கிழமைக் கடன் சேர்க்க வரும் ஒரு பொடியன். ஐந்து பெண்கள் ஒருவருக்கு ஒருவர் பிணை நின்று எடுத்த நுண்கடன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நான்கு பேரும் பொழுது படும்வரை அவள் விறாந்தையில் காத்திருக்க வேண்டும்.

வில்லனைக் கொம்பு முளைத்தவனாக எழுதாதீர்கள். எங்கள் முதல் பிரதியில் அந்தப் பொடியன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்தான். வாசித்துக் காட்டியபோது குழுவில் இருந்த ஒரு தங்கச்சி, “அண்ணா, அவங்களும் மாசம் முடிய டார்கெட் காட்டணும். என்ட மச்சானும் அந்த வேலதான்” என்றாள். அப்புறம் அவனுக்கும் ஒரு போன் அழைப்பு வைத்தோம். மறுமுனையில் மேலதிகாரி திட்டுகிறார், இவன் ‘ஓம் சேர், ஓம் சேர்’ என்று வேலியைப் பார்த்து நிற்கிறான். படத்தில் சனங்கள் அதிகம் பேசியது அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான்.

ஒரு எச்சரிக்கை. கடன் கம்பனி, கடை, பள்ளிக்கூடம் எதையும் பெயரோடு காட்ட வேண்டாம். பொடியனின் சேட்டில் ஊரில் உள்ள எந்த நிறுவனத்தின் நிறமும் வராமல் பாருங்கள்.

சட்டம் கொடுத்தல்

கூத்துப் பழகுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது: சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், பிறகு வீட்டுக்கு வீடு ஆடுதல். நான் பார்த்த திரைப்பட வழிகாட்டி எதுவும் இதைவிடத் தெளிவாக இல்லை. நாங்கள் அப்படியே பின்பற்றினோம்.

சட்டம் என்றால் அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய ஏடு. முழுப் பிரதியையும் எல்லாருக்கும் கொடுக்காமல் இப்படி ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். நடிக்கப் பழகாதவர்களுக்கு இருபது பக்கத்தைக் கண்டால் பயம் வரும், இரண்டு பக்கம் என்றால் பாடமாக்கிவிடுவார்கள்.

பதினைந்து நிமிடத்துக்கு ஆறு அல்லது ஏழு காட்சி போதும். எங்கள் படத்தில் அவை இப்படி விழுந்தன: மீன்காரரின் காலை, விறாந்தையில் காத்திருக்கும் பெண்கள், அவர் போய் நியாயம் கேட்டு அவமானப்பட்டுத் திரும்புவது (கிக்-ஆஸ் பாடம்), இரவில் பெட்டியைத் திறந்து உடுப்பைப் பார்ப்பது, அண்ணாவியாரிடம் போவது, மத்தியான வெயிலில் வரவு. அந்த வரவுதான் உச்சக்காட்சி. கரப்புடுப்போடு சைக்கிள் ஓட முடியாது. நாங்கள் முயன்று பார்த்தோம், அவர் சைக்கிளோடு வேலிக்குள் போய்விட்டார். அதனால் றோட்டில் நடந்தே வருகிறார். கடன் பொடியனின் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் நின்று ஆடத் தொடங்குகிறார். மத்தளம் கேட்டதும் ஒவ்வொரு படலையும் திறக்கிறது. சனங்கள் வட்டமாக நிற்கிறார்கள். றோட்டே களரி ஆகிவிடுகிறது, பொடியன் களரிக்கு நடுவில். ஒருவரும் அவனைத் தொடவில்லை. ஆனால் அவ்வளவு பேர் பார்க்க, ‘எழும்பி உள்ளே போங்கோ அக்கா’ என்று அவனே சொல்ல வேண்டியதாகிறது.

பேச்சை ஊர்ப் பேச்சாகவே எழுதுங்கள். ‘மறுகா வாறன்’ என்று சொல்கிறவரை ‘பிறகு வருகிறேன்’ என்று சொல்ல வைத்தால் முகம் மரமாகிவிடும். கல்முனையில், அக்கரைப்பற்றில் எடுத்தால் உம்மா, வாப்பா, காக்கா என்றே வரட்டும். எழுதியதை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டாமல் படப்பிடிப்புக்குப் போக வேண்டாம்.

உடுப்பு

இதற்கு இரண்டு வழி. கூத்து உடுப்பு இரவல் வாங்கலாம், இல்லாவிட்டால் நீங்களே ஒன்று கட்டலாம்.

இரவல் கேட்கப் போகும்போது வெற்றிலை பாக்கோடு போங்கள். வயதில் மூத்த ஒருவரை முன்னால் விட்டுப் போங்கள். நாங்கள் போனபோது அண்ணாவியார் திண்ணையில் இருந்தார். “எந்தக் கூத்துக்கு?” என்றார். படத்துக்கு என்றோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. “படத்தில தாளம் பிழைச்சா வெட்டிப் போடலாம் என்ன? குடுத்து வச்ச ஆக்கள்” என்று சிரித்துக்கொண்டு எழும்பினார்.

சேலைப் பொதியை அவிழ்த்தபோது முதலில் வந்தது கற்பூரமும் பழைய வியர்வையும் கலந்த ஒரு வாசம். முடியில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளில் எங்கள் எல்லாருடைய முகமும் துண்டு துண்டாகத் தெரிந்தது. மீன் பிடிக்கும் கரப்பு மாதிரி விரிந்து நிற்கும் அந்தக் கீழுடுப்பை அவரே கட்டிவிட்டார். இடுப்பில் முதலில் பழஞ்சீலை சுற்றி, அதன் மேல் கயிறு இறுக்கி, ஒவ்வொரு முடிச்சுக்கும் “மூச்சு விடு” என்றார். மீன்காரராக நடித்தவர் சாதாரணமாகக் கூனி நடக்கிறவர். கட்டி முடிந்ததும் அவரால் கூன முடியவில்லை, உடுப்பு விடாது. அந்த நிமிர்வை நாங்கள் இயக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், உடுப்புக் கட்டும் காட்சியை வெட்டாமல் முழுதாக எடுங்கள். எல்லாச் சூப்பர்ஹீரோப் படத்திலும் உள்ள ‘உடுப்புப் போடும் காட்சி’க்கு இதுதான் எங்கள் பதில்.

நீங்களே கட்டுவதாக இருந்தால் மருதமுனைக் கைத்தறித் துணியில் தொடங்குங்கள். கரை நிறம் கமராவில் நன்றாக நிற்கும். மினுங்கும் பொலியெஸ்டர் வெயிலில் வெள்ளையாக வெடித்துவிடும். வீட்டுச் சாமானாக யோசியுங்கள்: மீன் பெட்டி மூடி, ரெஜிபோம் (தெர்மோகோல்), பழைய குடைக் கம்பி. படைச் சீருடை, காட்டு நிறப் புள்ளித் துணி எதையும் தொட வேண்டாம். பொதுமக்கள் அதைப் போடுவது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம், ‘நடிப்புக்குத்தான்’ என்பது வீதியில் எடுபடாது.

படம் பிடிக்கும் முன் சொல்ல வேண்டிய ஆட்கள்

எங்கள் முதல் படத்தின் பிழை இதுதான், ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது நான் செய்வது: கிராம சேவகருக்கு ஒரு கடிதம், பொலிஸுக்கு அதன் பிரதி, கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு நேரில் ஒரு வார்த்தை, எடுக்கப்போகும் ஒழுங்கையில் வீடு வீடாக ஒரு நடை. பிள்ளைகள் நடித்தால் தாய் தகப்பன் கூடவே நிற்க வேண்டும். முகாம், சோதனைச் சாவடி, ரயில் பாலம் எதையும் பிரேமுக்குள் கொண்டுவர வேண்டாம். ட்ரோன் பறக்க விடுவதற்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். உண்மையைச் சொன்னால் ட்ரோன் உங்களுக்குத் தேவையே இல்லை. கல்லடிப் பாலத்தை மேலே இருந்து காட்டாத மட்டக்களப்புக் குறும்படம் ஒன்றையாவது நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

வெளிச்சம், சத்தம், அடி

எழுவான்கரை, படுவான்கரை என்று எங்கள் முன்னோர் ஊரைப் பிரித்ததே வெளிச்சத்தை வைத்துத்தான். கமராக்காரனுக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. எங்கள் சூரியன் கடலில் இருந்து எழும்பும், வாவிக்கும் வயலுக்கும் அப்பால் விழும். ஆகவே கடற்கரைக் காட்சி காலை ஆறு முதல் ஏழரைக்குள். மாலையில் கடற்கரைக்குப் போனால் மங்கல்தான் கிடைக்கும். மாலைக் காட்சியை வாவிக்கரையில் எடுங்கள், தண்ணீர் உங்களுக்கு இரண்டாவது விளக்காக வேலை செய்யும். மத்தியான வெயில் முகத்தில் கண்குழியைக் கறுப்பாக்கும். எங்கள் உச்சக்காட்சி மத்தியானம்தான், அதற்காக இரண்டு பேர் வெள்ளை ரெஜிபோம் பலகையைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பினார்கள்.

மாரி மழையில் இதைத் தொடங்காதீர்கள். கார்த்திகை, மார்கழியில் பாதி ஒழுங்கை தண்ணீருக்குள் இருக்கும். அறுவடை முடிந்த காலம் நல்லது, ஆட்களும் ஓய்வாக இருப்பார்கள், கூத்துக்காரர்களும் அப்போதுதான் அகப்படுவார்கள்.

போனில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பெரும்பாலான போன்கள் நொடிக்கு 30 பிரேமில் பதியும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டுக்குக் கீழே படம் பட்டை பட்டையாகத் துடிக்கும். 25 பிரேமுக்கு மாற்றி, ஷட்டரை 1/50இல் நிறுத்தினால் அது போய்விடும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைச் சேலைக்காரர் யாராவது குறுக்கே போனதும் முழுப் படமும் இருண்டு வெளிக்கும். டிஜிட்டல் சூம் வேண்டாம், கிட்டப் போங்கள். ஓடும் காட்சிக்குச் சைக்கிள் கரியரில் கமராக்காரனைப் பின்பக்கம் பார்த்து உட்கார வையுங்கள். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அதிர்வு குறையும்.

படத்தைவிடச் சத்தம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கடற்கரைக் காற்று மைக்கில் அடித்தால் பேச்சு போச்சு. இன்னொரு போனில் சின்ன மைக் ஒன்றைச் செருகி, பேசுபவரின் சேட்டுக்குள் வையுங்கள். மைக் தலையில் கொஞ்சம் பஞ்சைச் சுற்றினால் காற்றின் இரைச்சல் அடங்கும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் கமராவுக்கு முன்னால் ஒரு கைதட்டு, எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்த அதுதான் அடையாளம். மத்தளமும் சல்லரித் தாளமும் தனியாக, வேறு ஒரு நாளில் பதியுங்கள். போனை மூன்று நான்கு மீற்றர் தள்ளி வைத்தால்தான் ஒலி உடையாது. பின்னணி இசைக்குச் சினிமாப் பாட்டை எடுத்துப் போட்டால் இணையத்தில் ஏற்றியதும் சத்தம் முடக்கப்படும். மத்தளத்துக்கு யாரும் உரிமை கேட்டு வர மாட்டார்கள். ஆனால் வாசித்தவரின் பெயரைத் தலைப்பில் போட வேண்டும்.

சண்டை வைத்தால் சின்னதாக வையுங்கள். பாதி வேகத்தில் பத்துத் தடவை பழகி, அடிக்கிறவரின் முதுகுப் பக்கத்தில் கமராவை வைத்தால் கை ஒரு முழம் தள்ளிப் போனாலும் பட்டது போலத் தெரியும். விழுவதற்குக் காய்ந்த மணல் வேண்டும், ஈர மணல் சீமெந்து மாதிரி. உண்மையான கத்தி, மண்வெட்டி கூடாது. முக்கியமாக, சண்டைக்குப் பிறகு ஒரு காட்சி எடுங்கள்: ஹீரோ மூச்சு வாங்குகிறார், மனிசி சித்தாலேப தைலம் தடவிக்கொண்டே ஏசுகிறார். பவர் இல்லாதவன் கதை அங்கேதான் இருக்கிறது. அடி எல்லாப் படத்திலும் ஒன்றுதான்.

அடுக்குப் பார்த்தல்

கிழமைக் கூத்து மாதிரி ஒவ்வொரு சனி இரவும் கூடி ஒரு காட்சியை ஆடிப் பாருங்கள். நாலாவது கிழமை எல்லாக் காட்சியையும் ஒரே மூச்சில், கமரா இல்லாமல், பக்கத்து வீட்டாருக்கு ஆடிக் காட்டுங்கள். எங்கே கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்க்க ஒரு ஆளை நிறுத்துங்கள். எங்கள் படத்தில் இரண்டரை நிமிடம் அப்படித்தான் போனது, அதில் நான் எழுதி நானே ரசித்த ஒரு நீண்ட வசனமும் அடக்கம்.

இதன் பிறகு உண்மையான படப்பிடிப்பு நான்கே நாள்தான் எடுத்தது. இரவில் வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் கணினிக்கு ஒரு பிரதி, ஒரு பென் டிரைவுக்கு ஒரு பிரதி. இதைச் செய்யாமல் ஒருநாள் படுத்தோம். மறுநாள் போன் ஆற்றில் விழுந்தது. அதோடு ஒரு விறாந்தைக் காட்சியும்.

எடிட்டிங்குக்குப் போனில் கப்கட் போதும். கணினி இருந்தால் டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு நல்லது, நிறம் திருத்த அதைவிடச் சிறந்தது இலவசமாகக் கிடைக்காது. முதல் வெட்டை முடித்துவிட்டு இரண்டு நாள் பார்க்காமல் விடுங்கள். சிங்கள உபதலைப்பு போடுங்கள். அம்பாறையில் காட்டப் போகிறீர்கள் என்றால் அது கட்டாயம், மொழிபெயர்க்க அந்த மொழி பேசி வளர்ந்த ஒருவரைப் பிடியுங்கள்.

அரங்கேற்றம், பிறகு வீட்டுக்கு வீடு

யூடியூபில் ஏற்றுவதை அரங்கேற்றம் என்று நான் நினைப்பதில்லை. நாங்கள் முதலில் காட்டியது, முகமூடியோடு மாட்டிக்கொண்ட அதே ஊரில். வாசிகசாலைச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, இரவல் புரொஜெக்டரில். டீவி நாடகம் முடியும்வரை ஒருவரும் வர மாட்டார்கள், அதைக் கணக்கு வைத்து நேரம் சொல்லுங்கள். நீளமான வயர் கொண்டு போங்கள், பாய் கொண்டு வரச் சொல்லுங்கள், ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் கூத்து மாதிரியே வீட்டுக்கு வீடு போனோம். நடித்த ஒவ்வொருவர் முற்றத்திலும் ஒரு காட்சி, அவர்கள் தரும் சுண்டல், தேத்தண்ணி. ஏழு முற்றம் முடிந்த பிறகுதான் இணையத்தில் ஏற்றினோம்.

பொல்லோடு நின்ற பெரியவரும் முதல் காட்சிக்கு வந்திருந்தார். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “இவன்ட சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடச் சொல்லுங்க, முழுப் படத்திலும் கத்துது” என்றார். அது உண்மை. படப்பிடிப்புக்கு முன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடுங்கள்.

கடைசி வேலை, உடுப்பைத் திருப்பிக் கொடுப்பது. கொடுக்கும் முன் நிழலில் காயப்போட்டு, கண்ணாடித் துண்டுகளை எண்ணிப் பாருங்கள். வாங்கும்போதே எண்ணி எழுதிவைத்திருந்தால் நல்லது. நாங்கள் எண்ணியபோது முடியில் இரண்டு குறைந்தது, ஒன்றை மட்டும் றோட்டோரம் மணலில் தேடி எடுத்தோம். மற்றதற்குப் புதிதாக ஒன்று வெட்டினோம். ஒட்டுவதற்குத் துணிப் பசை வாங்குங்கள். சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி பட்டால் கண்ணாடி வெள்ளை பூத்துவிடும்.